எந்த செக்‌ஷன்?

ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் வலி எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். பூங்குழலி மட்டும் வலி வந்துவிடக் கூடாதே என்று காத்திருந்தாள்.

இன்னும் இரண்டு நாள்தான். வெள்ளிக்கிழமை காலை வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதுவரை இந்த வயிறு சும்மா இருக்க வேண்டும். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். துடைப்பத்தை எடுக்கக் குனிந்தவள் பாதியிலேயே நிமிர்ந்தாள். ராத்திரி புரண்டு படுக்கும்போது இடுப்பில் ஒரு சின்னப் பிடிப்பு வந்தால்கூட, இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அது போகும்வரை மூச்சை அடக்கினாள்.

விஷயம் வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவளுக்கும் அவள் கணவன் ஹேமந்துக்கும். மாமியார் வள்ளியம்மாளைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை என்பது வெறும் செக்கப்.

"மொதல் புள்ள நார்மல். ரெண்டாவது தானா வழுக்கிக்கினு வந்துடும், பாரேன்." மாதனூரில் அவர்கள் தெரு முழுக்க வள்ளியம்மாள் சொல்லி வைத்திருந்த வாசகம் அது.

நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டாலே பூங்குழலிக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

சோபனா பிறந்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தலை வந்துவிட்டது. தோள் வரவில்லை. ஒருத்தி வயிற்றின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினாள். இன்னொருத்தி காலை மடக்கிப் பிடித்தாள். யாரோ யாரையோ கத்திக் கூப்பிட்டார்கள். ஏதோ கிழிந்தது. கடைசியில் இழுத்து வெளியே போட்ட குழந்தை நீலமாக இருந்தது, அழவில்லை. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நிசப்தம் இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

பிறகு அழுதாள் சோபனா. ஆனால் அவளுடைய வலது கை நனைந்த துணி மாதிரி தொங்கியது. நாலு வயதாகிறது. பயிற்சி செய்து செய்து கை இப்போது தோள் மட்டம்வரை வருகிறது. பால்வாடியில் டீச்சர் "எல்லாரும் கையைத் தூக்குங்க" என்றால், சோபனா இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்குவாள். அதைப் பார்த்த அன்றைக்கு பூங்குழலி வாசலிலேயே நின்று, உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டாள்.

இந்தமுறை வேலூரில் டாக்டர் அக்சா ஒளிக்காமல் சொன்னார். "இந்தக் குழந்தையும் எடை ஜாஸ்தியாத்தான் தெரியுது. போன தடவ மாதிரியே ஆகும்னு சொல்ல மாட்டேன். ஆகாதுன்னும் சொல்ல முடியாது. செக்‌ஷன் பண்ணா அதுலயும் ஆபத்து இருக்கு. ரத்தம் போகும், புண்ணு ஆற நாளாகும், அடுத்த பிரசவத்துக்கும் யோசிக்கணும். ரெண்டையும் சொல்லிட்டேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நீங்க என்ன நினைக்கிறீங்க. சோபனா பிறந்தபோது யாரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை. ஹேமந்தைப் பார்த்தாள். "அவ சொல்றதுதான் மேடம்," என்றான் அவன்.

"ஆபரேஷனே பண்ணிடுங்க," என்றாள் பூங்குழலி. குரல் ஆடவில்லை.

கத்தி என்றால் அவளுக்குப் பயமில்லையா? இருந்தது. ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை செய்கிறவள் அவள். தோலில் ஊசி ஒருமுறை தப்பாக இறங்கிவிட்டால் அந்த ஓட்டை ஓட்டைதான். பிரித்துத் தைத்தாலும் மறையாது, அந்தப் பீஸ் ரிஜெக்ட். அறுத்ததை அறுக்காததாக ஆக்க முடியாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இருந்தாலும் இரண்டு பயங்களில் தேதி குறித்த பயத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

மாமியாரிடம் சொல்லும் பொறுப்பு ஹேமந்துடையது. கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். தினமும் பஸ் நிறைய பெண்களை, அவர்கள் வாய்க்கும் ஈடு கொடுத்து, கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன். அம்மா முன்னால் மட்டும் அவனுக்கு பிரேக் பிடித்துக்கொள்ளும்.

"அங்க போனப்பறம் திடீர்னு சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம், குழலி."

அப்படித்தான் முடிவாகியிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் குளித்துவிட்டு வந்தாள் பூங்குழலி. கூடத்தில் வள்ளியம்மாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் சண்டையில் ஜெயித்த களை.

"இன்னா அத்தே, சிரிக்கிறீங்க?"

"உன் போனு அடிச்சுது. நான்தான் எடுத்தேன். உன் கம்பெனிக்காரி. நாளைக்கே செக்‌ஷனாம். காத்தால வந்துடணுமாம்."

"நாளைக்கா?"

"வாயும் வயிறுமா இருக்கறவள செக்‌ஷனுக்குக் கூப்புட்றியே, உனக்கு அக்கா தங்கச்சி இல்லியாம்மான்னு கேட்டேன். அவ இன்னாத்தையோ சொல்ல வந்தா. அதெல்லாம் ஒண்ணும் வாணாம், எம்மருமவ வரமாட்டா, வேற ஆளப் போட்டுக்கன்னு சொல்லி வெச்சுட்டேன். இனி உன்ன பேஜார் பண்ண மாட்டாங்க."

பூங்குழலிக்கும் சிரிப்புதான் வந்தது. ஏற்றுமதிக்கு அவசர ஆர்டர் வந்திருக்கும். ஆள் கம்மியாக இருக்கும். ஆனால் சூப்பர்வைசர் ஜான்சன் நல்ல மனிதர். லீவு கேட்டபோது முகம் சுளிக்கவில்லை. மாமியார் வாயை அவர் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவருக்கு போன் போட்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அத்தை கொஞ்சம் பட்டுனு பேசிட்டாங்க."

"எப்போ?"

"இப்பதான். நாளைக்கு செக்‌ஷனுக்கு வரச் சொல்லி கூப்ட்டீங்களாமே."

"நான் எங்கம்மா கூப்ட்டேன்? நீ பிரசவம் முடிஞ்சு நிதானமா வா. உன்ன யாரும் கூப்புடலயே."

பூங்குழலி போனைக் காதிலிருந்து எடுத்தாள். வந்த அழைப்பைத் தேடினாள். தரைவழி எண். கம்பெனி இருக்கும் ஆம்பூர் பக்கத்து நம்பர் என்றால் 04174 என்று தொடங்கும். இது 0416.

வேலூர்.

செக்‌ஷன். டாக்டர் அக்சா அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. கம்பெனியில் செக்‌ஷன் என்றால் அவள் உட்கார்ந்து தைக்கும் இடம். ஆஸ்பத்திரியில் செக்‌ஷன் என்றால் வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுப்பது.

ஆபரேஷனை நாளைக்கு மாற்றியிருக்கிறார்கள். மாமியார் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த எண்ணை அழுத்தினாள். பிஸி. மறுபடி அழுத்தினாள். பிஸி. மறுபடியும் அழுத்தியபோது ஒரு பெண் எடுத்தாள்.

"சிஸ்டர் ஜெயபுஷ்பம் பேசறேன்."

"சிஸ்டர், நான் பூங்குழலி, மாதனூர்..."

"ஆமாம்மா, உங்க வீட்ல வேணாம்னு சொல்லிட்டாங்களே. உங்க இடத்த வேற பேஷண்டுக்குக் குடுத்தாச்சு. அக்சா மேடம் வெள்ளி, சனி ஊர்ல இல்ல, அதான் நாளைக்கு மாத்தினோம். இப்ப நாளைக்கு ஃபுல். திங்கக்கிழமை பாக்கலாமா?"

திங்கள்.

அந்த நிமிஷம்தான் இடுப்பைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இழுத்த மாதிரி இருந்தது. வயிறு கல்லாக இறுகியது. போன் கையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாயிலிருந்து "ஹலோ, ஹலோ" என்று சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாடி? வலி வந்துடுச்சா?" வள்ளியம்மாள் முகம் மலர எழுந்தாள். "நான் சொன்னேன்ல, தானா..."

"அத்தே, அது கம்பெனி இல்ல."

"எது?"

"இப்ப வந்த போனு. அது ஆஸ்பத்திரி. செக்‌ஷன்னா ஆபரேஷன். எனக்கு."

"ஆபரேஷனா? யாரு சொன்னது?"

"நான்தான் கேட்டேன்."

வள்ளியம்மாள் கையில் அரிவாள்மணைக்குப் போகாத ஒரு அவரைக்காய் அப்படியே நின்றது. "நல்லா இருக்கற வயித்த அறுக்கச் சொல்லி நீயே கேட்டியா?"

"ஆமா. சோபனாவுக்கு ஆன மாதிரி இதுக்கும் ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது அத்தே. நார்மல் நார்மல்னு தெருவெல்லாம் சொல்றீங்க. அதுல எது அத்தே நார்மலு?"

வெளியே சோபனா செருப்பு டப்பாக்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். உயரமான டப்பாவின் மேல் இன்னொன்றை வைக்க வேண்டும். இடது கையால் வலது கையைத் தூக்கினாள். இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

வள்ளியம்மாள் மெதுவாகத்தான் பேசினாள். "எனக்கு மட்டும் தெரியாதா? கதவுக்கு வெளிய நின்னது யாரு, நான்தான? புள்ள அழுவுதா, அழுவுதான்னு காதை கதவுல வெச்சுக்கினு நின்னேன். சத்தமே இல்ல. அப்ப எனக்கு வந்த நடுக்கம் இன்னிக்கும் போவல. யாராச்சும் கேட்டா நார்மல்னு சொல்லிடுவேன். சொல்லிச் சொல்லியே அது நார்மலா ஆயிடாதான்னு பாக்கறேன்."

குனிந்து போனை எடுத்தாள்.

"ஹலோ. இருக்கியாம்மா? கொஞ்சம் முன்ன திட்டனது நான்தான். மாமியா. செக்‌ஷன்னா ஷூ தைக்கற செக்‌ஷன்னு நெனச்சுட்டேன். எங்க ஊர்ல அதாம்மா செக்‌ஷன்."

"அக்கா தங்கச்சி இல்லியான்னு கேட்டீங்களே, அவங்களா?"

"நான்தான். இருக்காங்களா?"

"மூணு பேர் இருக்காங்கம்மா."

"நல்லாருக்கட்டும். எம்மருமவளுக்கு இடுப்பு இழுத்துப் புடிக்குது. நாங்க வர்றோம். இடமில்லன்னு மட்டும் சொல்லிடாத."

சிஸ்டரின் குரல் மாறியது. "வலியா? உடனே கூட்டிட்டு வாங்க. சாப்பிட எதுவும் குடுக்காதீங்க. மேடத்துகிட்ட நான் சொல்றேன்."

வலி என்று போன் போனதும் ஹேமந்த் பஸ் சாவியை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு, தோஸ்த் யாசிரின் காரை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. உன்ன வந்து வெச்சுக்கறேன்," என்றாள் வள்ளியம்மாள்.

சோபனாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஹைவேயில் ஏறியதும் அடுத்த இறுக்கம் வந்தது. பூங்குழலி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். கண்ணை மூடினால் ஒரே காட்சிதான். ஓடுகிற காரில், இந்த சீட்டில், தலை மட்டும் வெளியே வந்து நின்றுவிடுகிறது. தோள் வரவில்லை. அமுக்க ஆளில்லை, இழுக்க ஆளில்லை. ஹேமந்த் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்.

"நேரா பாத்து ஓட்டுங்க," என்று முனகினாள்.

பள்ளிகொண்டா டோலில் லாரிகள் வரிசையாக நின்றன. ஹேமந்த் கம்பெனி பஸ் பழக்கத்தில் ஆரனை அமுக்கியே பிடித்தான்.

"ஆரன் அடிச்சா லாரி எகிறிப் போயிடுமா?" என்றாள் வள்ளியம்மாள். அவள் கை மருமகளின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "காலை ஒட்டி வெச்சுக்கோ குழலி. அதுகிட்ட சொல்லு, ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் சும்மா இருன்னு."

மருமகளைக் காலை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லும் நாள் வரும் என்று வள்ளியம்மாள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டை கட்டினார்கள். குழந்தையின் இதயம் டப் டப்பென்று மிஷினில் ஓடியது. சிஸ்டர் ஜெயபுஷ்பம் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "கர்ப்பப்பை வாய் இன்னும் தெறக்கல. இது பொய் வலி. ஆனா திருப்பி அனுப்ப மாட்டோம், பயப்படாதீங்க."

டாக்டர் அக்சா வந்தார். "நாளைக்கு காலையில முதல் ஆள் நீங்கதான். மத்தவங்கள கொஞ்சம் பின்னாடி தள்ளியிருக்கேன். ராத்திரி நிஜ வலி வந்தா அப்பவே பண்ணிடுவோம்." கட்டிலின் விளிம்பில் கை வைத்தார். "இப்பவும் அதே முடிவுதானா? மாத்திக்கணும்னாலும் தப்பில்ல."

பூங்குழலி மாமியாரைப் பார்த்தாள். வள்ளியம்மாள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அதே முடிவுதான் மேடம்."

"அம்மாவுக்கு எதாவது கேக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் வள்ளியம்மாள். "நாளைக்கு வியாழக்கெழம. மத்தியானம் ராகு காலம். அதுக்கு முன்ன முடிச்சிடுவீங்களா?"

"காலையிலயே முடிஞ்சிடும்மா."

"அப்ப எனக்கு ஆட்சேபண இல்ல," என்று கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி சொன்னாள் வள்ளியம்மாள்.

காலையில் தியேட்டர் கதவு சாத்திக்கொண்டபோது பூங்குழலியின் தைரியம் வெளியே, அந்த இரண்டு பேரோடு நின்றுவிட்டது.

உள்ளே குளிர். பெரிய விளக்கு. தட்டில் துணி போட்டு மூடிய எதுவோ. அதற்குள் என்ன இருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். பற்கள் தானாக அடித்துக்கொண்டன. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நான்தானே கேட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் சோபனாவுக்கு யார் சொல்வார்கள், உங்க அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டது என்று?

"உக்காருங்க. தலைய குனிஞ்சு முதுக வளைங்க," என்றார் சிஸ்டர் ஜெயபுஷ்பம்.

"தையல் மெஷின்ல உக்கார்ற மாதிரியா?"

"அதே மாதிரி."

அந்த வளைவு உடம்புக்குத் தெரியும். முதுகில் ஊசி இறங்கியது. சுரீர் என்றது, அவ்வளவுதான். காலில் வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு சூடு பரவியது. பிறகு கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன. நெஞ்சுக்குக் கீழே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள்.

"சிஸ்டர், அறுக்கறப்ப தெரியுமா?"

"தொடறது, இழுக்கறது தெரியும். வலி தெரியாது."

"எப்ப ஆரம்பிப்பாங்க?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் அக்சாவின் குரல் வந்தது. "ஆரம்பிச்சாச்சு பூங்குழலி."

அவள் சிஸ்டரின் கையை இறுகப் பிடித்தாள். வலி வரப்போகிறது, இதோ, இதோ என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. யாரும் கத்தவில்லை. யாரும் ஓடவில்லை. டாக்டர் எதையோ கேட்டார், பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார். வயிற்றுக்குள் யாரோ பையில் சாமான் தேடுவது போல ஒரு குடைச்சல். விலா எலும்புக்குக் கீழே ஒரு பெரிய அமுக்கல்.

பிறகு எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

இந்த நிசப்தம் அவளுக்குத் தெரியும். விளக்கு, திரை, சிஸ்டரின் கை எல்லாம் மறைந்துபோய் அவள் பழைய அறையில் கிடந்தாள். அழு. அழுடி. அழுடா. யாராக இருந்தாலும் அழு.

வீல் என்று ஒரு சத்தம். தூக்கத்தில் தொந்தரவு செய்ததற்குச் சண்டை பிடிப்பது போன்ற கோபமான அழுகை.

"பொண்ணு," என்றார் டாக்டர்.

"கை?" என்றாள் பூங்குழலி. குரலே வரவில்லை. மறுபடி சொன்னாள். "கை. காட்டுங்க."

"எல்லாம் நல்லாருக்கும்மா. துடைச்சுக் குடுக்கறேன்." சிஸ்டர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கன்னத்தோடு வைத்தார். சூடான, ஈரமான, சிவந்த முகம்.

"பிரிச்சுக் காட்டுங்க சிஸ்டர். ஒரே ஒரு தடவ."

சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துணியை விலக்கினார்.

இடது கை காற்றைத் துழாவியது. வலது கை நெஞ்சோடு மடங்கிக் கிடந்தது. அசையவில்லை. பூங்குழலி அந்தக் கையையே பார்த்தாள். அசை. கொஞ்சம் அசை.

பின்னால் யாரோ ஒரு ஸ்டீல் தட்டைத் தடாலென்று வைத்தார்கள்.

குழந்தை திடுக்கிட்டது. இரண்டு கையும் ஒரே நேரத்தில், பத்து விரலும் விரிய, தலைக்கு மேலே எகிறின. அப்படியே ஒரு கணம் நின்று, நடுங்கி, மெதுவாக நெஞ்சுக்கு வந்தன.

"பாத்தாச்சா?" என்றார் சிஸ்டர்.

பூங்குழலி தலையை ஆட்டினாள். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்து இறங்கியது.

"இனி தையல்தான். கொஞ்ச நேரம்," என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். "தையல் செக்‌ஷன்ல இருந்து வந்திருக்கீங்க. கோணலா இருந்தா ரிஜெக்ட் பண்ணிடுவீங்களோன்னு எனக்குத்தான் பயம்."

பூங்குழலி சிரித்தாள். கம்பெனித் தோல் செத்த தோல், அதில் ஓட்டை மூடாது. இது மூடும்.

மூன்றாம் நாள். எழுந்து நடந்தால் வயிற்றில் இழுத்துப் பிடித்தது. இருமுவதற்குத் தலையணை வேண்டியிருந்தது. ஆனால் அவளால் உட்கார முடிந்தது. சோபனா பிறந்த பிறகு மாதக்கணக்கில் முடியாதிருந்த காரியம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் சின்னவள், பக்கத்தில் பெரியவள் என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. வள்ளியம்மாள் வழக்கம்போலப் பாய்ந்து எடுத்தாள்.

"யாரு? ஜான்சன் சாரா? ஆமா, பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம்... இன்னாது? எப்ப செக்‌ஷனுக்கு வருவாளா?"

வள்ளியம்மாள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"சார், மொதல்ல தெளிவா சொல்லுங்க. எந்த செக்‌ஷனு?"

பூங்குழலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் சுருக்கென்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். அந்தச் சத்தத்துக்குச் சின்னவள் தூக்கத்திலேயே திடுக்கிட்டாள்.

"அம்மா, பாப்பா கை தூக்குது," என்றாள் சோபனா. "ரெண்டும்."